லெயோகாதியா மேளத்தைக் கீழே வைத்த வருஷம்

தூய ஆவியின் திருவிழாவை நிறுத்தியவள் என்று லெயோகாதியாவை இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் அன்றைக்குப் பந்தலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள். வெளியே வெயிலில் நின்ற யாரும் அப்படிச் சொல்வதில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலிக்காரர்கள் சொன்னதுதான் நிலைக்கும்.

லெயோகாதியா எங்கள் ஊர் போசோ தா பெத்ராவிலேயே பிறந்து வளர்ந்தவள். பபாசு பனங்காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் நாற்பது வீடு. அவளைப் பெறும் வலி வந்தபோது அவள் தாய் பபாசுக் காய் உடைத்துக்கொண்டிருந்தாளாம். கூடையில் மிச்சம் இருந்ததை உடைத்து முடித்துவிட்டுத்தான் பெற்றாளாம். அந்தப் பிடிவாதம் அப்படியே மகளுக்கு வந்தது.

ஏழு வயதில் கோடாலியோடு உட்கார்ந்தாள். வெட்டுவாய் மேலே பார்க்கும்படி கோடாலியைத் தரையில் கிடத்தி, காம்பைத் தொடைக்கடியில் அழுத்திக்கொள்ள வேண்டும். இடது கையால் காயை வாய்மேல் நிறுத்தி, வலது கையிலுள்ள கட்டையால் ஓங்கி அடிக்க வேண்டும். கருங்கல் மாதிரி இருக்கும் அந்தக் காய் மூன்று நான்கு அடியில் பிளந்து பருப்பைக் கக்கும். கண் ஒரு நொடி அயர்ந்தால் விரல் போய்விடும். நான் சொல்ல வந்த வருஷம், ஐம்பத்தாறு வயதிலும், அவள் பத்து விரலோடு இருந்தாள். எங்கள் பெண்களில் அது பெரிய காரியம்.

அந்தப் பருப்பில்தான் எங்கள் அரிசி, மண்ணெண்ணெய், பிள்ளைகளின் சட்டை எல்லாம். ஓடு கரியாகும். ஓலை கூரையாகும். பருப்பை இடித்துப் பிழிந்த பாலில்தான் மீன் வேகும். ஆகையால் எங்களிடம் இரண்டே சட்டம். விழுந்த காயைத்தான் பொறுக்க வேண்டும். பச்சைக் குலையை அறுக்கக் கூடாது. காய்க்கிற பனையை வெட்டுவதோ கொலை. அதற்கு எங்களிடம் வேறு பெயர் கிடையாது.

அவளுடைய இன்னொரு வேலை மேளம். பெந்தகோஸ்து வந்தால் எங்களில் திருவிழாவை நடத்துவது சாமியார் இல்லை, மேளம் அடிக்கும் பெண்கள். பிள்ளைகளில் ஒருவனுக்கும் ஒருத்திக்கும் முடி சூட்டி ராஜா, ராணி ஆக்குவது, புறாக்கொடியை எடுப்பது, எல்லாம் அவர்கள் பாட்டுக்குத்தான் நடக்கும். ஏட்டில் எழுதாத பாட்டு. முதல் நாள் கொடிமரத்துக்கு ஞானஸ்நானம். ஆமாம், மரத்துக்குத்தான். ஞானத்தாய், ஞானத்தகப்பன் நிற்பார்கள். ஞானத்தாய் தண்ணீர் தெளித்ததும் தலைமை மேளக்காரி மரத்தின்மேல் கையை வைத்து முதல் அடியைப் பாட வேண்டும். பிறகு மேளம் விழும். அந்த அடிக்கு ஆண்கள் தோள் கொடுத்து மரத்தைத் தூக்குவார்கள். மேளம் இல்லையென்றால் மரம் ஏறாது. மரம் ஏறாவிட்டால் திருவிழா கிடையாது. மேற்றிராணியாரே வந்தாலும் மாற்ற முடியாது.

லெயோகாதியா தலைமை மேளக்காரியாக ஆனது ஒரு நேர்ச்சையினால். இரண்டாவது மகளைப் பாம்பு கடித்துக் கால் பானை போல வீங்கியபோது, "கையில பலம் இருக்கிற வரைக்கும் ஒரு வருஷங்கூட விடாம உமக்குக் கொட்டுறேன், பிள்ளய மட்டும் விட்டுடும்" என்று தூய ஆவியிடம் சொன்னாள். பிள்ளை பிழைத்தாள். முப்பத்தொரு வருஷம் விடாமல் கொட்டினாள். புருஷனைப் புதைத்த வாரத்திலும் கொட்டினாள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே தூணில் சாய்ந்தும் கொட்டினாள்.

இனி டாக்டர் எவிலாசியோவின் கதை. அவர் எந்த நோயையும் குணமாக்கியதில்லை. நிலம் வைத்திருப்பவரை எங்கள் பக்கம் டாக்டர் என்பார்கள், அவ்வளவுதான். நகரத்திலிருந்து ஒரு பத்திரம் கொண்டுவந்தார். எங்கள் பாட்டன்மார் பிறப்பதற்கு முன்பே நின்ற பனங்காடு அந்தப் பத்திரத்தில் அவருடையதாகிவிட்டது. முள்கம்பி வந்தது. காரியக்காரன் ஜெனுவாரியோ துப்பாக்கியோடு வந்தான். பொறுக்கின காயில் பாதி டாக்டருக்கு என்றான். மழைக்கும் வெயிலுக்கும் மரத்துக்கும் டாக்டர் என்ன செய்தார்? கம்பி கட்டினார். அதற்குப் பாதி!

பெண்கள் கம்பிக்கடியில் ஊர்ந்து போனார்கள். ஜுல்மிரா என்று ஒருத்தி, லெயோகாதியாவுடைய மகளுக்கு ஞானத்தாய், இரண்டாவது மேளக்காரி, நாக்கில் மிளகாய் தடவிப் பிறந்தவள். அவள் முதுகில் முள் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தது. "டாக்டரு எனக்குக் கோடு போட்டு வச்சிருக்காரு மதினி, எங்க வெட்டணும்னு பின்னால மறந்துடக் கூடாதுல்ல" என்றாள். சிரித்தார்கள். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

அந்த நாட்களில்தான் சிஸ்டர் இவோனி மறைமாவட்டத்து நிலப் பணிக்குழுவிலிருந்து வந்து ஞாயிறுதோறும் எங்கள் கோவிலில் கூட்டம் நடத்த ஆரம்பித்தார். சாமியார் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் நாங்களே கூடுவோம். சிஸ்டர் வாசகம் படித்துவிட்டு, "இது உங்க ஊர்ல எங்க நடக்குது?" என்று கேட்பார். முதல் வருஷம் யாரும் வாய் திறக்கவில்லை. கோவிலுக்குள் கம்பியைப் பற்றிப் பேசலாம் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? இரண்டாம் வருஷம் லெயோகாதியா எழுந்து, "எங்க நடக்குதுன்னு வெளிய வாங்க சிஸ்டர், காட்டுறேன்" என்றாள். அன்றிலிருந்து கூட்டம் பாதி கோவிலுக்குள், பாதி கம்பியோரம்.

சிஸ்டரின் வழியாகத்தான் பெல்ஜியத்துக்காரி வந்தாள். கோதெலீவா என்று பெயர். அவள் ஊர்ப் பங்குக்கோவிலில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சூப்பு மட்டும் குடித்து, மிச்சத்தை எங்களைப் போன்ற ஊர்களுக்கு அனுப்புவார்களாம். பருப்பு சேர்த்து வைக்கும் எங்கள் கொட்டகை அந்தக் காசில் கட்டியது. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் பார்க்க வந்தாள். வரும் வழியில் டாக்டர் அவளைத் தன் வீட்டில் நிறுத்தி மாட்டுக்கறி சுட்டுப் போட்டிருக்கிறார். நல்ல விசுவாசி என்று நம்பிவிட்டாள். கொட்டகையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, வேறு என்ன தேவை என்று சிஸ்டர் மூலம் கேட்டாள். ஒருத்தி நூல் என்றாள். ஒருத்தி காய்ச்சல் மாத்திரை என்றாள்.

லெயோகாதியா கட்டையைக் கீழே வைத்தாள். "சிஸ்டர், அவங்க எத்தன நாளு சூப்பு மட்டும் குடிச்சாங்கன்னு கேளுங்க."

"ஆறு வெள்ளிக்கிழம" என்றார் சிஸ்டர், அவளிடம் கேட்டுவிட்டு.

"நாங்க வருஷம் பூரா அப்படித்தான் இருக்கோம். அந்த மிச்சம் எங்க போச்சுன்னு இன்னும் தெரியல."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிஸ்டர் அதை அப்படியே மொழிபெயர்த்தாரா என்று தெரியாது. வெள்ளைக்காரியின் காது சிவந்தது.

"கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க. கொட்டகை நல்லாத்தான் இருக்கு. ஆனா கொட்டகைக்குள்ள வைக்கிற பருப்பு கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கு. அவங்க கறி தின்ன வீட்டுக்காரருதான் கம்பி போட்டவரு. திருவிழா முடிஞ்சதும் ரெண்டு டிராக்டருக்கு நடுவுல சங்கிலி கட்டி இழுத்து, காட்டையே சாய்ச்சு மாடு விடப் போறாரு. எங்களுக்கு நூலு வேண்டாம். இதப் பாத்துட்டுப் போய், அவங்க ஊர்ல சத்தமாச் சொல்லட்டும்."

கோதெலீவா நோட்டை மூடினாள். மறுநாள் பெண்களோடு கம்பிக்கடியில் ஊர்ந்தாள். பாவாடை கிழிந்தது. ஒரு காய் உடைக்கிறேன் என்று உட்கார்ந்து தன் கட்டைவிரலிலேயே அடித்துக்கொண்டாள். "விடு, அவ விரலயாவது ஊருக்கு முழுசா அனுப்பி வைப்போம்" என்று ஜுல்மிரா கட்டையைப் பிடுங்கினாள்.

அந்த வருஷம் திருவிழாவை எடுத்து நடத்துவது டாக்டர் என்று அதற்குள் முடிவாகியிருந்தது. முறைப்படி எடுத்து நடத்துகிறவர் மாடு அடித்து ஊருக்கே சோறு போட வேண்டும். எங்களில் யாரிடம் மாடு இருந்தது? அவர் பேத்திதான் ராணி. நகரசபைத் தலைவர் வருகிறார், படம் பிடிக்க ஆள் வருகிறது. கோவிலுக்கு ஓட்டுக்கூரை போட்டுத் தருவதாகவும் சொல்லியிருந்தார். ஃபாதர் அன்செல்மோ கெட்டவர் இல்லை. ஆனால் பதினேழு கோவிலுக்கு ஓட்டை ஜீப்பில் அலைகிற மனுஷன், கூரை என்றதும் தலையாட்டிவிட்டார்.

ஜுல்மிரா கொதித்தாள். "நாளைக்குக் காட்ட அழிக்கப் போறவனுக்கு இன்னைக்கு மேளமா? நான் தொட மாட்டேன்."

"மேளம் அவருக்கில்ல மதினி. தூய ஆவிக்கு."

"தூய ஆவி அந்த ஆளு மாட்டுக்கறிக்கா வருது?"

"எனக்கு நேர்ச்ச இருக்கு. பிள்ளய வாங்கிட்டு இப்ப வார்த்தய மாத்த முடியுமா?"

"அப்ப கொட்டு. அவன் பேத்திக்கு முடி சூட்டு. நாளைக்கு உன் பேத்திக்குக் கஞ்சி ஊத்த அவன்கிட்டயே போ."

மூன்று நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஊரில் பாதிப் பெண்கள் லெயோகாதியாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பினார்கள். அவள் மேளத்தின் தோலை வெயிலில் காயவைத்தாள், கயிற்றை இறுக்கினாள். கடைசியில் ஜுல்மிராவும் முறைத்துக்கொண்டே தன் மேளத்தைத் தூக்கி வந்தாள். தலைமைக்காரி போனால் மற்றவர்களும் போக வேண்டும். அது முறை.

கொடிமரம் கோவில் வாசலில் படுத்திருந்தது. வழக்கமாக எங்கள் ஆண்கள் காட்டில் தேடிப்பிடித்து, காட்டிடம் சொல்லிவிட்டு, நேரான மரம் ஒன்றைத் தோளில் சுமந்து வருவார்கள். இந்த வருஷம் மரம் கொண்டுவருவதும் டாக்டர் பொறுப்பு என்று ஜெனுவாரியோ ஆட்களை வைத்து வெட்டி டிராக்டரில் இழுத்து வந்திருந்தான். சிவப்பும் நீலமுமாகச் சாயம் அடித்து, இலையும் பழக்குலையும் சுற்றி மூடியிருந்தது. ஞானத்தாயாக நகரசபைத் தலைவரின் மனைவி தண்ணீர் தெளித்தாள். படம் பிடித்தார்கள். பந்தலில் டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் கோதெலீவாவை உட்கார வைத்திருந்தார்கள்.

லெயோகாதியா குனிந்து மரத்தின்மேல் கையை வைத்தாள். முதல் அடியைப் பாட வாயைத் திறந்தாள். பாட்டு வரவில்லை.

கையை நகர்த்தினாள். சாயத்துக்குக் கீழே வளையம் வளையமாக மட்டை விழுந்த தடம். ஐம்பது வருஷம் தடவிய தடம் கைக்குத் தெரியாதா? இலையை விலக்கினாள். இடுப்பு உயரத்தில் மின்னல் கீறிய நீள வடு. ஊற்றுக்குப் பக்கத்தில் நின்ற பனை. வருஷம் ஆறு குலை போடுகிற பனை. அதன் நிழலில்தான் பெண்கள் உட்கார்ந்து உடைப்பார்கள். கைக்கு எட்டின நேரான மரம் என்று அந்த முட்டாள் காய்க்கிற பபாசுவை வெட்டி, சாயம் பூசி, ஆவியானவரின் கொடியைத் தாங்கக் கொண்டுவந்து போட்டிருக்கிறான். எந்த மரம் எதற்கு என்று ஒரு வார்த்தை எங்களைக் கேட்கவில்லை. எங்களைத்தான் எதற்கும் கேட்பதில்லையே!

அவள் நிமிர்ந்தாள். தோளிலிருந்து கயிற்றைக் கழற்றினாள். மேளத்தை மரத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஜுல்மிரா வைத்தாள். மூன்றாமவள் வைத்தாள்.

"என்னம்மா, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் ஃபாதர்.

"இது காய்க்கிற பனை சாமி. செத்த தாய்க்கு யாராவது ஞானஸ்நானம் குடுப்பாங்களா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு ஓடியது. ஆண்கள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்கள்.

டாக்டர் பந்தலிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "அட, ஒரு மரம்தானே கிழவி. என் நிலத்துல இன்னும் ஆயிரம் நிக்குது. நீ கொட்டு."

"அந்த ஆயிரத்தயும் சாய்க்கத்தான ஐயா சங்கிலி வாங்கி வச்சிருக்கீங்க."

"விருந்தாளிங்க முன்னால என்ன பேச்சு இது? மாடு அடிச்சிருக்கேன். உனக்கும் சேத்துத்தான்."

"ஒரு நாள் சோத்துக்கு ஒரு ஆயுசு சோத்த வெட்டிட்டு வந்திருக்கீங்க. அந்த மாட்ட நீங்களே தின்னுங்க."

"அம்மா, கடவுள் காரியத்துல இதெல்லாம் கலக்காதீங்க" என்று ஃபாதர் கெஞ்சினார்.

"நான் கலக்கல சாமி. கலந்து, சாயம் பூசி, வாசல்ல போட்டிருக்காங்க. நான் தொட்டுப் பாத்தேன், அவ்வளவுதான்."

டாக்டர் நகரத்திலிருந்து வந்த பாண்டு வாத்தியத்தை ஊதச் சொன்னார். ஊதினார்கள். ஜெனுவாரியோ தன் ஆட்களைத் தூக்கச் சொன்னான். ஒருவன் முன்னால் தூக்க, ஒருவன் பின்னால் தூக்க, மேளம் இல்லாமல் எந்த அடிக்குத் தோள் கொடுப்பது என்று எவனுக்கும் தெரியவில்லை. மரம் இரண்டு முழம் எழும்பிச் சரிந்து பந்தல் காலை முறித்துக்கொண்டு விழுந்தது. ராணி வேஷம் போட்ட பேத்தி அழுதாள். பாவம், குழந்தை. அதற்கும் லெயோகாதியாவைத்தான் திட்டினார்கள்.

ஒரு மணி நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. எங்கள் ஊரில் ஒரு பிள்ளை ஆற்றில் போனபோது மூன்று நாள் வராத ஜீப்! லெயோகாதியாவை ஏற்றினார்கள். ஏற்றியதும் கோதெலீவா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, யாரும் கூப்பிடாமலே பின்னால் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இறங்கச் சொன்னார்கள். மொழி புரியாதவள் போல இருந்துவிட்டாள். அவள் இருந்ததால்தான் அன்று வழியில் யாரும் லெயோகாதியாவின் மேல் கை வைக்கவில்லை. இதை நன்றியோடு மட்டும் சொல்ல முடியாது. எங்கள் உடம்புக்கு மரியாதை வர ஒரு வெள்ளைத்தோல் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது என்பதை என்னவென்று சொல்ல?

ஸ்டேஷனில் சார்ஜென்ட் ஒரு தாளை நீட்டினான். "கைநாட்டு வைம்மா. வச்சுட்டு வீட்டுக்குப் போ."

"என்ன எழுதியிருக்கு?"

"நடந்ததுதான்."

"நடந்தது எனக்குத் தெரியும். எழுதினது என்னன்னு கேக்கேன்."

பெருமூச்சு விட்டுப் படித்தான். லெயோகாதியா என்பவள் திருவிழாவில் கலகம் செய்து வழிபாட்டைக் கெடுத்தாள்.

"பனை எங்க?"

"எந்தப் பனை?"

"ஊத்துக்குப் பக்கத்துல நின்ன காய்க்கிற பனைய டாக்டர் எவிலாசியோவோட ஆளு ஜெனுவாரியோ வெட்டினான்னு எழுதணும். அதனாலதான் நான் மேளத்தக் கீழ வச்சேன். அத எழுது, வைக்கிறேன்."

"அதெல்லாம் எழுத முடியாது."

"அப்ப நானும் வைக்க முடியாது. நீ சாப்பிட்டியா தம்பி? எனக்கு அவசரமில்ல."

இரண்டு நாள் அப்படியே இருந்தாள். வாசலில் எங்கள் பெண்கள் வரிசையாகக் கோடாலியோடு உட்கார்ந்து காய் உடைத்தார்கள். காலையிலிருந்து இருட்டும்வரை டக், டக் என்று ஸ்டேஷன் சுவர் அதிர்ந்தது. மூன்றாம் நாள் சார்ஜென்ட் காதைப் பொத்திக்கொண்டு அவள் சொன்னபடியே எழுதினான். ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது என்று இன்னொரு முறையும் எழுத வைத்தாள். "காய்க்கிற" என்ற சொல். சிஸ்டர் இவோனி படித்துக் காட்டிச் சரி என்ற பிறகே கைநாட்டு வைத்தாள்.

அந்தச் சொல்லில்தான் காரியம் இருந்தது. காய்க்கிற பபாசுவை வெட்டக் கூடாது என்று அரசாங்கத்திலேயே ஒரு சட்டம் இருந்ததாம். எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. சிஸ்டர் தேடிப் பிடித்தார். போலீஸ் முத்திரையோடு இருந்த அந்தத் தாளின் நகல் கோதெலீவாவோடு கடல் கடந்தது. அடுத்த தவக்காலத்தில் அந்தப் பங்கில் சூப்போடு ஆளுக்கொரு கடிதமும் எழுதினார்கள். வெளிநாட்டுத் தபால்தலையோடு ஆளுநர் அலுவலகத்துக்கு மூட்டை மூட்டையாகப் போனதாம். பிறகுதான் அதிகாரிகள் வந்து டிராக்டரை நிறுத்தினார்கள். அதற்குள் பாதிக் காடு சாய்ந்துவிட்டது. மிச்சப் பாதியில் எங்கள் பெண்கள் இன்றைக்கும் குனியாமல் நடந்து போய்ப் பொறுக்குகிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் வருஷக்கணக்காக வாயால் சொன்னதற்கு வராத அதிகாரிகள் தபால்தலைக்கு வந்தார்கள். அதையும் மறக்க மாட்டோம்.

ஆனால் லெயோகாதியாவுக்கு அந்த வருஷம் மேளம் விழாத வருஷம்தான். "நீ செஞ்சது சரி மதினி" என்று ஜுல்மிரா நூறு முறை சொன்னாள். "சரிதான். ஆனா வார்த்த போச்சே" என்பாள் இவள். கம்பி போட்டதை, பாதி கேட்டதை, ஸ்டேஷனில் வைத்ததை எல்லாம் ஒரு நாள் டாக்டருக்கு மன்னித்தாலும் மன்னிப்பாளாம். தூய ஆவியிடம் கொடுத்த சொல்லைத் தன் கையாலேயே உடைக்க வைத்ததை மட்டும் மன்னிக்க மாட்டாளாம்.

ஃபாதர் அன்செல்மோ அடுத்த முறை வந்தபோது பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். எங்கள் கோவிலில் பாவம் கேட்கும் கூண்டு கிடையாது. பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அவ்வளவுதான். அவளுக்குக் குரலைத் தாழ்த்தவும் வராது. அதனால் முன்வரிசைப் பெண்கள் எல்லோருக்கும் கேட்டது.

"முப்பத்தொரு வருஷம் காப்பாத்தின நேர்ச்சைய இந்த வருஷம் உடைச்சேன் சாமி."

ஃபாதர் டாக்டரிடம் ஓட்டுக்கூரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த முறை வந்திருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. "பரிகாரமா மூணு ஜெபமாலை சொல்லுங்கம்மா" என்றார்.

"சொல்றேன் சாமி." அவள் முழங்காலில் கையூன்றி எழுந்தாள். எழுந்தவள் போகவில்லை.

"எனக்கு மூணு. வெட்ட வச்சவருக்கு எத்தன?"

லெயோகாதியா பதிலுக்காக அங்கேயே நின்றாள்.